கட்டிலருகே நின்று சொல்வது

வெண்கலக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது நோயாளிகள்தான். வார்டின் இந்தக் கோடியில் நின்று "போர்வை மாத்தணுமா?" என்று அவள் கேட்டால், அந்தக் கோடியில் காது மந்தமான கிழவர்கூட "வேணாம் தாயே, உன் குரலே போதும், சூடாத்தான் இருக்கு" என்பார்.

அது நெடுநாள் நோயாளிகள் வார்டு. அங்கிருந்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள் குறைவு. இருக்கும்வரை முதுகில் புண் வராமல், புரையேறாமல், ஈரத்தில் கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைச் சரியாகச் செய்ய முதுகெலும்பு வேண்டும், மூக்கைப் பொத்தாத மனசு வேண்டும். வெண்கலத்துக்கு இரண்டும் இருந்தன. புருஷன் சின்ன வயதிலேயே சொல்லாமல் போய்விட்டான். ஒரே மகள். மகளை வளர்த்ததும் கிழவர்களைப் புரட்டிப் போட்டதும் ஒரே கைகள்தான்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. பிற்பகலில் ஆள் மாறும்போது, போகிறவளும் வருகிறவளும் ஒவ்வொரு கட்டிலருகேயும் நிற்க வேண்டும். நோயாளியின் மேல் ஒரு கை வைத்து, காலையில் நடந்ததைப் போகிறவள் சத்தமாகச் சொல்ல வேண்டும். என்ன சாப்பிட்டார், வயிறு போனதா, எங்கே சிவந்திருக்கிறது, எதற்கு அழுதார், எல்லாம். நோயாளிக்குக் கேட்கும்படிதான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவரே மறுக்கலாம். "பாதிதான் சாப்பிட்டேன்னு சொல்றா பாரு, முழுசும் வழிச்சுத் தின்னேன்" என்று படுத்தபடியே சண்டைக்கு வருவார்கள். பேசமுடியாதவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பொய் அங்கே அதிக நேரம் தாக்குப்பிடிக்காது.

வெண்கலத்தின் ஜோடி, கண்ணாடி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். கல்யாணமாகி ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவள். காலை வேலை கண்ணாடிக்கு, பிற்பகல் வெண்கலத்துக்கு. ஆள் மாறும் நேரத்தில் இருவரும் பேசும் பேச்சுதான் வார்டுக்கு நாடகம்.

"ஏண்டி வெண்கலம், நேத்து இவருக்கு முதுகு தொடச்சியா, தரையத் தொடச்சியா?"

"உன் கண்ணாடியத் தொடச்சுக்கோ மொதல்ல. அப்புறம் முதுகு தெரியும்."

பக்கவாதம் வந்த பஸ் டிரைவர் ஒருவர் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். அவருடைய மருமகன் பழப்பையோடு வந்து போவான். நல்ல பேச்சு, நல்ல சட்டை. வார்டு முழுக்க அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. ஆனால் மாமனார் கட்டிலருகே நின்றது கிடையாது. வாசலில், நடையில், கைகழுவும் தொட்டியருகே என்று ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசுவான்.

முதலில் அவன் பொய் சொல்லவில்லை. வெந்நீர் வரவில்லை என்றார்கள், மேலிடத்தில் பேசி வரவழைத்தான். பழுதான லிப்டைச் சரிசெய்ய வைத்தான். "உங்கள யாருக்கா மதிக்கிறாங்க? ஓடா தேயறது நீங்க. பேரு யாருக்கோ" என்றான். அதுவும் உண்மைதான். பிறகு விழிப்பு மன்றம் என்று ஒன்றைச் சொல்லி எல்லாருடைய போனையும் அதில் சேர்த்தான். தினமும் குரல் செய்திகள் வந்தன. ஒருநாள் அக்கரைக்காரர்கள் மருந்தைத் திருடுகிறார்கள் என்று வரும். மறுநாள் அந்த மருந்தே விஷம் என்று வரும். விஷத்தை எதற்குத் திருடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லாதபடி அடுத்தது வந்துவிடும்.

வெண்கலம் முட்டாள் இல்லை. பாதியை நம்பவில்லை. ஆனால் எதையுமே முழுசாக நம்பமுடியாத ஒரு புளிப்பு மனசில் தங்கிவிட்டது. தலைமை நர்ஸ் சொன்னாலும் சந்தேகம், மருந்துச்சீட்டைப் பார்த்தாலும் சந்தேகம். அப்படிப்பட்ட நாளில்தான் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான்.

"கண்ணாடிக்காவத் தப்பா சொல்லல. நல்லவங்கதான். இருந்தாலும் கட்டிலுகிட்ட நின்னு எல்லாத்தையும் பேசிக்காதீங்க. உஷாராயிடுவாங்க. கண்ணுல பட்டத எனக்கு மட்டும் அனுப்புங்க, போதும்."

இப்படித்தான் அந்த வழக்கம் நின்றது. யாரும் தடை போடவில்லை. ஒருத்தி சீக்கிரம் கிளம்பினாள், இன்னொருத்தி தாமதமாக வந்தாள். அவரவர் மூலையில் நின்று போனுக்குள் முணுமுணுத்தார்கள். நோயாளிகள் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கண்ணாடி மட்டும் விடவில்லை. ஒரு பிற்பகல் டிரைவரின் கட்டிலருகே, அவர் தோளில் கை வைத்துக் காத்து நின்றாள். வெண்கலம் உள்ளே வந்தாள். பார்த்தாள். அலமாரியைத் திறந்து, ஏற்கெனவே மடித்திருந்த விரிப்பை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"வெண்கலம், இங்க வா. சொல்லணும்."

"நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டுப் போ."

"அவங்க மீட்டிங்ல இருக்காங்க. வாடி, என்ன ஆச்சு உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. கிளம்பு."

கண்ணாடி டிரைவரின் தோளிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனாள்.

டிரைவர் தண்ணீர் கேட்டுக் கையசைத்தார். வெண்கலம் அவரை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுத்தாள். கைப்பழக்கம் தப்பாது. ஆனால் அன்று காலையிலிருந்து வெறும் தண்ணீர் அவருக்கு மூச்சுக்குழாயில் இறங்க ஆரம்பித்திருந்தது. விழுங்கும் சக்தி குறைந்துபோனது. கெட்டியாக்கும் பொடி கலந்து ஸ்பூனால்தான் கொடுக்க வேண்டும். கண்ணாடி சொல்லக் காத்திருந்தது அதைத்தான். இரண்டாவது மடக்கிலேயே புரையேறியது. முகம் நீலம் பாரித்தது. முதுகில் தட்டி, குழாய் விட்டு உறிஞ்சியெடுத்து, ஒருவழியாக மூச்சு திரும்பியது. தொண்டையில் மட்டும் கொரகொரவென்று சத்தம்.

வெண்கலம் போனை எடுத்து மாப்பிள்ளைக்குக் குரல் செய்தி அனுப்பினாள். "மாப்பிள்ளை, உங்க மாமனாருக்குத் தண்ணி குடுத்தேன், புரையேறிடுச்சு. இப்ப பரவால்ல. காலையில நல்லாத்தான் இருந்தாருன்னு நெனச்சேன். கண்ணாடி எதக் குடுத்தாளோ தெரியல."

மறுநாள் அவருக்குக் காய்ச்சல், அடுத்து நுரையீரலில் சளி. அந்த வாரமே இறந்துபோனார்.

வெண்கலத்தின் மகள் போனை நீட்டியபடி ஓடிவந்தாள். "அம்மா, உன் குரல் ஊர் பூரா ஓடுது!" பெருமையாகத்தான் சொன்னாள். வெண்கலம் கேட்டாள். அவள் குரல்தான். "கண்ணாடி எதக் குடுத்தாளோ" என்ற அந்த ஒரு துண்டு மட்டும். தண்ணீர் இல்லை, புரை இல்லை. அந்த ஊரில் அவள் கை படாத வீடு குறைவு. யாருடைய அப்பாவையோ பெரியம்மாவையோ அவள் குளிப்பாட்டியிருப்பாள். வெண்கலக்காவே சொல்லிவிட்டாள் என்றால் அப்புறம் என்ன?

கண்ணாடியின் வீட்டுக் கதவை உடைத்தார்கள். அவள் புருஷனின் கையை முறித்தார்கள். இருவரும் அக்கரைக்குப் போய்விட்டார்கள். மருத்துவமனை வாசலில் மன்றத்துப் பையன்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களை எந்தக் கரை என்று கேட்டார்கள். லிப்டைச் சரிசெய்தவனை யார் தட்டிக்கேட்பது?

வெண்கலம் மன்றத்துக்கு இன்னொரு செய்தி பேசி அனுப்பினாள். நடந்தது இதுதான், தண்ணீர் கொடுத்தது நான்தான் என்று. பதில்கள் வந்தன. 'வெண்கலக்காவை மிரட்டிப் பேச வைத்திருக்கிறார்கள்.' 'இது அவர் குரலே இல்லை, எவனோ மெஷினில் செய்தது.' பொய்க்கு உதவிய குரல் உண்மைக்கு உதவவில்லை. அன்று அவள் போனைத் துணி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள்.

பாலத்தைக் கடந்து போனாள். கண்ணாடி கதவைப் பாதிதான் திறந்தாள். புது மூக்குக்கண்ணாடி, கயிறு இல்லை.

"மன்னிச்சுடுன்னு கேக்க வந்தியா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லி என்னடி ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு. கட்டிலுகிட்ட நின்னு, மூஞ்சப் பாத்துச் சொல்லு." கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "கைய வெச்சுச் சொல்லு."

கண்ணாடி போனபின் காலை வேலை வெண்கலத்துக்கு வந்திருந்தது. மறுநாள் பிற்பகல், ஆள் மாறும்போதே பார்வையாளர் நேரமும். எல்லாக் கட்டிலருகேயும் சொந்தக்காரர்கள். ஜன்னலோரக் கட்டிலில் இப்போது ஒரு தையல்காரர். வெண்கலம் அவர் தோளில் கை வைத்தாள். ஆள் மாற வந்த புதுப் பெண் போனைப் பார்த்தபடி கடந்துபோனாள்.

"இந்தக் கட்டில்ல இருந்தவருக்குத் தண்ணி குடுத்தது நான்" என்றாள் வெண்கலம். அந்தக் கோடிவரை கேட்டது. "கண்ணாடி சொல்ல வந்தா. நான் காது குடுக்கல. அவ ஒண்ணும் குடுக்கல. இப்ப இவரப்பத்திச் சொல்றேன். இடது குதிகால் சிவந்திருக்கு. பாதிதான் சாப்பிட்டாரு."

ஒரு பெண் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒருவர் காறித் துப்பினார். வெண்கலம் அதைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கேயும் அதையே சொன்னாள். மறுநாளும், அதற்கு மறுநாளும். வேலையைவிட்டு அனுப்பிவிடுவோம் என்று மேலிடம் அவளுக்கு ஒரு தாள் அனுப்பியது. தலைமை நர்ஸ் அந்தத் தாளை மேசையிலேயே வைத்திருந்தார், கொடுக்கவில்லை.

ஒருநாள் தையல்காரர் தலையைத் தூக்கினார். "பாதி இல்லம்மா. ரெண்டு வாய்தான். சும்மா சொல்லாதே."

புதுப் பெண் நின்றாள். "ரெண்டு வாய்தானா?" என்று கட்டிலருகே வந்து அவரைக் கேட்டாள். போன் கையில்தான் இருந்தது. பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளை பழப்பையோடு வாசலில் நின்றான். "என்னக்கா, உடம்பு சரியில்லையா? என்னென்னமோ பேசுறீங்களாமே?"

"வாங்க மாப்பிள்ளை. உங்க மாமனார் கட்டில் இதுதான். உள்ள வாங்க. இவர் தோள்ல கைய வெச்சு, கண்ணாடி எதக் குடுத்தான்னு நீங்களே சொல்லுங்க. எல்லாரும் கேப்போம்."

வார்டு திரும்பிப் பார்த்தது. அவன் சிரித்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பழப்பையை வாசலிலேயே வைத்துவிட்டு, நடையில் யாரையோ கூப்பிட்டபடி போனான். வேறு வார்டுகள் நிறைய இருந்தன.

கண்ணாடி திரும்பி வரவேயில்லை. அவள் புருஷனின் கை நேராகவும் இல்லை. வெண்கலம் ஓய்வு பெறும்வரை ஜன்னலோரக் கட்டிலில் யார் வந்து படுத்தாலும், அவர் மேல் கை வைத்து முதலில் அந்தப் பழைய விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் அன்றைய விஷயத்துக்கு வருவாள். கேட்டுக் கேட்டுச் சலித்த புதுப் பெண், "தெரியும்க்கா, மேல சொல்லுங்க" என்பாள்.

"தெரிஞ்சா நல்லது. குதிகாலப் பாரு" என்பாள் வெண்கலம்.