பதினைந்தாவது பெயர்

கணக்குப் பாடத்தை விட்டால் வாழ்க்கையே முடிந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்... வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் நீங்களும் இதே கட்சிதான்.

என் மகள் காந்திமதி பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மதிப்பெண் பட்டியலைப் படம் எடுத்து சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் (இவருக்குக் கை தவறி) — எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிலிண்டர்காரர் மட்டும் உடனே வாழ்த்துச் சொன்னார்.

இரண்டே நாளில் பிளஸ் ஒன் விண்ணப்பத்தை நீட்டினாள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்கைக் காணோம்!

"ஏட்டி, கணக்கும் பயாலஜியும் சேந்த குரூப் இருக்குல்லா? அத எடு."

"அதுல செடியும் விலங்கும் சேத்து ஒரே பாடம்ப்பா. இதுல ரெண்டும் தனித்தனி. எனக்கு இதான் வேணும்."

காரணம் ஒரு சொட்டுத் தண்ணீர். ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் வாய்க்கால் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் காட்டியிருக்கிறார். உள்ளே பச்சைப் பசேலென்று ஒரு ஊரே நீந்தியதாம். அன்றைக்கு விழுந்தவள்தான்.

எனக்குத் தூக்கம் போனது. முடி வெட்டப் போன இடத்தில்கூட ஆலோசனை கேட்டேன். அவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "கணக்கு இல்லாமயா?" என்றார். மீதித் தலையோடு இன்னும் பயந்தேன்.

அப்போதுதான் ஒரு நல்ல சேதி. பதினைந்து பேராவது சேர்ந்தால்தான் அந்த வகுப்பு நடக்கும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் வரை என் மகளோடு சேர்த்துப் பதினான்கு பேர்.

பதினைந்தாவது பிள்ளை வந்துவிடக் கூடாது என்று நெல்லையப்பரிடம் வேண்டிக்கொண்டேன். அவருக்குத்தான் தர்மசங்கடம் — வேண்டுதல் அவர் வீட்டம்மா காந்திமதியின் பெயர்க்காரிக்கு எதிராக!

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். "எங்க கிளாஸ் ரிஸ்வானாவுக்கும் இந்த குரூப்புல சேர ஆசைதான்ப்பா. அவ வாப்பாதான் யோசிக்காவ. நீங்க சொன்னா கேப்பாவ. போயிட்டு வாங்கப்பா."

ரிஸ்வானாவின் வாப்பா, பத்தமடையில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் காதர் அண்ணாச்சி. எனக்கு நல்ல பழக்கம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பைய நாலு வார்த்தை போட்டு, அவர் மனதை இன்னும் கலைத்துவிட்டால் கதை முடிந்தது. மகளிடம் தலையை ஆட்டிவிட்டு பைக்கை எடுத்தேன். வெட்கமாக இல்லையா என்கிறீர்களா? இல்லை.

கடையில் ரிஸ்வானா ஒருவருக்கு ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன். "அண்ணாச்சி, இந்த குரூப் விஷயமா..."

"நானே கேக்கணும்னு இருந்தேன் அண்ணாச்சி. கணக்கு வராத பிள்ளைக போற குரூப்புல்லா அது?"

நான் சொல்ல வந்ததும் அதேதான். 'ஆமா' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால்... கணக்கு வராத பிள்ளையா? யார், என் மகளா?

"என்ன வே பேசுதீரு? எம்மவ கணக்குல தொண்ணூத்தேழு!"

"பொறவு ஏன் வே அங்கன கொண்டு தள்ளுதீரு?"

"தள்ளுதேனா? அவளே கேட்டுல்லா போறா!"

அப்புறம் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. செடிக்குத் தனிப் புத்தகம், விலங்குக்குத் தனிப் புத்தகம், இரண்டுக்கும் தனித்தனி லேப், வாய்க்கால் தண்ணீருக்குள் பச்சை ஊர்... மகள் ஒரு வாரமாக என்னிடம் சொன்னதும் நான் காதில் வாங்காததும் வரி பிசகாமல் வந்தன. ஆணி வாங்க வந்தவர் ஆணியை மறந்து நின்றார்.

காதர் அண்ணாச்சி மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கும் இதுதான் வேணுமாட்டி?"

"ஆமா வாப்பா."

"அந்தப் பேனாவ எடு."

திரும்பும் வழியெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. வீட்டில் என் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "தோத்துட்டு இம்புட்டுப் பவுசா வந்த ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றாள்.

கணக்கு போனால் வாழ்க்கை போய்விடும் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது? கணக்கு வராத யாரோ ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பதினைந்து பேரோடு வகுப்பு தொடங்கியது. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு மாடித் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு லேப்புக்குப் போனது. புதன்கிழமை நான் தொட்டியைக் கழுவினேன்.