எண்பதில் வரும் குறட்டை

போன வாரம் ஓசூரில் ஒரு நிச்சயதார்த்தம். எல்லை தாண்டிப் போக ஒரு வாடகைக் கார் கூப்பிட்டேன். வந்தது பேட்டரி கார். உள்ளே புது ப்ளாஸ்டிக் வாசனை. வண்டி கிளம்பிவிட்டதா இல்லையா என்று ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஓட்டுநர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து வந்தவர், பொம்மனஹள்ளி தாண்டியதும் கேட்டேவிட்டார்: "ஏன் சார் கதவோட கதவா ஒட்டிக்கிட்டு வர்றீங்க? வேற யாரும் ஏறலியே. தாராளமா உக்காருங்க."

அப்போதுதான் பார்த்தேன். முழு சீட்டும் காலியாகக் கிடக்க, நான் பல்லி மாதிரி கதவோரம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஓசூர் ரோட்டில் போனால் என் உடம்பு தானாக அப்படித்தான் உட்காரும். பக்கத்தில் கோதண்டம் அண்ணாவுக்கு இடம் வேண்டுமே.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. ஓசூர் தாண்டி ஒரு கம்பெனியில் எனக்கு முதல் வேலை. அடுகோடியில் ஒரு வொர்க்‌ஷாப் மாடியில் குடியிருந்தேன். தலையணையில்கூட கிரீஸ் வாசனை அடிக்கும். கணக்குப் பிரிவில் இருந்த அருள்தாஸ் அண்ணாவிடம் ஒரு கிழட்டுக் கார் இருந்தது. எஞ்சின் முன்னால், இழுப்பு பின்சக்கரத்தில். இரண்டுக்கும் நடுவே வண்டியின் அடியில் நீளமாக ஒரு இரும்புக் குழாய் சுழலும், ஷாஃப்ட் என்பார்கள். அருள் அண்ணாவுக்கு வீடு கண்டோன்மெண்டில், மாதா கோயில் பக்கம். தினமும் காலையில் சுற்றுவழியாக மல்லேஸ்வரம் போய்க் கோதண்டம் அண்ணாவை ஏற்றிக்கொண்டு, அப்புறம் என்னிடம் வருவார். கோதண்டம் அண்ணா ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், அருள் அண்ணாவுக்குப் பால்ய சிநேகிதர், லீவே போடாத மனிதர். ஆள் நல்ல ஆகிருதி. முன்சீட்டின் சாய்வு உடைந்து, தொட்டால் படுத்துவிடும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் பின்னால்தான். அதாவது அவர் பின்சீட்டில், நான் மிச்சத்தில்.

அந்தக் காரின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. பெட்ரோல், வெயிலில் காய்ந்த ரெக்ஸின், கோதண்டம் அண்ணாவின் தேங்காய் எண்ணெய், விபூதி. அவர் தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய் இறங்கி வட்டமாக ஒரு கறை. சந்தாப்புரா தாண்டி ரோடு விரிந்து, வண்டி எண்பதைத் தொடும்போது அந்தக் கறையில் தலை சாயும், குறட்டை கிளம்பும். நீளமாக ஏறும், ஒரு நொடி நிற்கும், மறுபடி ஏறும். தமிழ்நாட்டு எல்லை நெருங்கி வண்டி வேகம் குறையும்போது அருள் அண்ணா கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார்: "எந்திரிடா, அத்திபெலே வந்துடுச்சு." குறட்டை நிற்கும். ஒரு நாளும் இது மாறியதில்லை.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது கோதண்டம் அண்ணா, "நெஞ்சு கரிக்குதுடா அருளு" என்றார்.

"கேன்டீன் போண்டாவ அத்தனை தின்னா கரிக்காம, பாட்டா பாடும்?" என்றார் அருள் அண்ணா. மூன்று பேரும் சிரித்தோம். கோதண்டம் அண்ணாதான் அதிகம் சிரித்தார். மறுநாள் காலை பாத்ரூமில் விழுந்தவர் எழவில்லை.

தகனம் முடிந்து நாங்கள் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், அருள் அண்ணா வழக்கமான நேரத்துக்கே வந்தார். அவர் முகம் சரியில்லை. "மல்லேஸ்வரம் போயிட்டேன்டா," என்றார். "கை தானா அந்தப் பக்கம் திருப்பிடுச்சு. அவன் வாசல்ல நிறுத்திட்டு, உள்ளேர்ந்து கையை விட்டுப் பின்கதவைத் திறந்துட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. மறுபடி சாத்திட்டேன்." பின்கதவு வெளியிலிருந்து திறக்க வராது, அவர்தான் தினமும் திறந்துவிடுவார். நான் ஏறி, பழக்கதோஷத்தில் கதவோரமே உட்கார்ந்தேன். நடுவில் போய் உட்கார மனசு வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்றார் அவரும்.

சந்தாப்புரா தாண்டினோம். பனி இன்னும் விலகவில்லை. எண்பதைத் தொட்டதும் சீட் மெதுவாக நடுங்க ஆரம்பித்தது. என் தொடையில் அல்ல, எனக்குப் பக்கத்தில், அந்தக் காலி இடத்தில். ஸ்பிரிங் கிறீச்சென்றது, யாரோ புரண்டு உட்கார்ந்தாற்போல. பிறகு தரைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் ஏறியது. நீளமாக ஏறி, ஒரு நொடி நின்று, மறுபடி ஏறியது. அருள் அண்ணா திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியும் நடுங்கியதால் அதில் எதுவும் உருவமாகத் தெரியவில்லை. எண்ணெய்க் கறை மட்டும் ஒரு தலை அளவுக்குக் கருப்பாக அசைந்தது.

அத்திபெலே நெருங்கி வேகம் குறைந்ததும், யாரும் எழுப்பாமலே அது நின்றது.

அதற்கப்புறம் தினமும் வந்தது. எழுபதில் இல்லை, எண்பதில் வரும். "அப்ப எழுபதுலயே போவோம்ணா" என்றேன். அவர் கேட்கவில்லை. ஏதோ பதில் வாங்காமல் விடமாட்டேன் என்பதுபோல ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். அது வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிலுவை போடுவார். இரண்டு பக்கமும் லாரிகள். என்றைக்காவது ஒன்றின் அடியில் போகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் அந்த மனுஷனை அந்தக் காலி சீட்டோடு தனியாக அனுப்ப முடியவில்லை. அவருக்குத் தூக்கமில்லை, சாப்பாடில்லை. "நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னான். நான் போண்டான்னு சிரிச்சேன். அதைத்தான் கேக்குறான்," என்பார். "நான்தானே கதவைத் திறந்து ஏத்திக்கிட்டேன்."

நான் எஞ்சினியரிங் படித்தவன். பேய் பிசாசு இல்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே, பையை எடுத்து எனக்கும் அந்த இடத்துக்கும் நடுவே வைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்குக் கீழே இருந்த பாஷா பாயிடம் வண்டியைக் காட்டினோம். அவர் சக்கரங்களைக் கழற்றி பேலன்ஸ் பார்த்தார். ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் என்கிற சிலுவைத் துண்டை மாற்றினார். ஒன்றும் மாறவில்லை. கடைசியில், "ஓட்டிக் காமிங்க சாப்" என்று வந்து பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த அருள் அண்ணா அடக்கிக்கொண்டார். பாஷா பாயின் வழக்கம் அது: ஷாஃப்ட் ஓடும் இடத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து, குனிந்து காதைத் தரையில் வைத்துக் கேட்பார். எண்பது. தொண்ணூறு. வண்டி வெண்ணெயாகப் போனது.

"ஒண்ணுமே இல்லியே சாப். மனப்பிராந்தி."

அவரை இறக்கிவிட்டு மறுநாள் போனோம். எண்பதில் முனகல் ஏறியது. இன்னொரு தடவை அவரை ஏற்றினோம்; சத்தமே இல்லை. அருள் அண்ணா என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? அந்த எடம் நிறைஞ்சா பேசாம இருக்கான். காலியா இருந்தாத்தான் கேக்குறான்." காரை விற்றுவிட்டு, வேலையையும் எழுதிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரியத்துக்கு முதல் நாள், கோதண்டம் அண்ணாவின் மனைவி கேட்டதால், ஓசூரில் சமையலுக்கு அரிசி மூட்டை வாங்கினோம். டிக்கியில் வாழை இலைக் கட்டு. மூட்டையை வேறு வழியில்லாமல் சீட்டின் நடுவில், என் பக்கத்தில் உட்காரவைத்தோம். அத்திபெலே தாண்டி எண்பதில் வந்தோம். நான் பையை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அரிசி மூட்டை என் தோளை இடித்துக்கொண்டு அமைதியாக வந்தது. நானோ ஒல்லிப்பிச்சான். பாஷா பாய் கனத்த உடம்பு. மூட்டையும் கனம்.

"அண்ணா," என்றேன், "ஆளு இல்லண்ணா. எடை. பின்னால எடை கொறஞ்சா ஆடுது."

அவர் கண்ணாடியில் மூட்டையைப் பார்த்தார். கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டார்.

"பட்டை," என்றார். "நான்தான் பட்டை போட்டேன்."

அப்புறம்தான் சொன்னார். நான் வந்து சேர்வதற்கு முன்னால் நடந்தது. கோதண்டம் அண்ணா உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் இறங்கி, ஒவ்வொரு ஹம்ப்பிலும் அடி தட்டுமாம். ஒருநாள் அவர் கூச்சப்பட்டு, "நாளைலேர்ந்து நான் பஸ்ல வர்றேன்டா" என்றிருக்கிறார். அருள் அண்ணா சிவாஜிநகரில் யாரையோ பிடித்து, பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு இரும்புப் பட்டை சேர்த்துவிட்டார். அவரிடம் மூச்சு விடவில்லை. "ரோட்ட சரி பண்ணிட்டாங்கடா, இனி தட்டாது" என்றாராம். கோதண்டம் அண்ணாவும் நம்பினார். ஞாயிற்றுக்கிழமை கார் மாதா கோயிலுக்கு மட்டும்தான் போகும். அங்கே ஏது எண்பது? அவர் இல்லாமல் ஹைவேயில் அது ஓடியதே இல்லை.

பாஷா பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஆமா சாப். எடை இல்லாம பின்னால தூக்கி நிக்குது. ஷாஃப்ட் கோணலா சுத்துது," என்றார். "பட்டைய எடுத்துட்டா முடிஞ்சுது."

"எடுக்க வேணாம் பாய்," என்றார் அருள் அண்ணா. அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனால் பல நாளுக்கப்புறம் முகம் அவருடையதாக இருந்தது. "அவன் திட்டல. அவனுக்குன்னு போட்டது அவனைத் தேடுது. அவ்வளவுதான்."

அப்புறம் வருஷக்கணக்கில் எங்களோடு ஒரு மணல் மூட்டை வேலைக்கு வந்தது. செக்போஸ்ட்டில் போலீஸ்காரர், "ஏனு இது?" என்று மூட்டையைக் காட்டிக் கன்னடத்தில் கேட்டால், "நம்ம ஃப்ரெண்டு சார்" என்று தானும் கன்னடத்தில் சொல்லுவார் அருள் அண்ணா. போலீஸ்காரர் சிரிப்பார். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வராது.

கல்லறைத் திருநாளன்று மட்டும் மூட்டை வராது. அன்றைக்கு அவர் தன் அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். கோதண்டம் அண்ணாவுக்குக் கல்லறை கிடையாதே. அதனால் மூட்டையை என் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஓசூர் ரோட்டில் எண்பதில் போவார். சந்தாப்புரா தாண்டினால் சீட் நடுங்கும், ஸ்பிரிங் கிறீச்சிடும், குறட்டை ஏறும். காரணம் முழுக்கத் தெரிந்திருந்தும் எனக்கு ஒவ்வொரு வருஷமும் மயிர்க்கூச்செறிந்தது. எல்லை நெருங்கும்போது அவர் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார்: "எந்திரிடா, அத்திபெலே வந்துடுச்சு."

கார் எடைக்குப் போய்விட்டது. பாஷா பாயின் ஷெட் இருந்த இடத்தில் இப்போது ஜிம். அருள் அண்ணாவும் தன் அப்பா அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டார். நான்தான் வருஷா வருஷம் மெழுகுவத்தி கொண்டுபோகிறேன்.

"கொஞ்சம் எண்பதுல போங்களேன்," என்றேன் கிருஷ்ணகிரிக்காரரிடம். போனார். சந்தாப்புரா தாண்டியும் ஒரு நடுக்கம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. பக்கத்து இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று, அசையாமல் இருந்தது. எல்லை வந்தது. வேகம் குறைந்தது. என்னையறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "எந்திரிங்கண்ணா, அத்திபெலே வந்துடுச்சு."

ஓட்டுநர் சட்டென்று கண்ணாடியில் பார்த்தார். என்னை அல்ல, என் பக்கத்து இடத்தை.