சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மெசின்

எனக்குக் காது கூர்மை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வகுப்பில் கடைசி வாங்குப் பலகையில் முணுமுணுப்பவனைக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே பெயர் சொல்லி எழுப்புவேன். இந்தக் காதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை என் மனைவியைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. அவளுக்கும் பாதிதான் தெரியும்.

நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் பிறந்தேன். விஞ்ஞான வாத்தியாராக வேலை கிடைத்த பிறகும் அதே லயத்தில்தான் இருக்கிறேன். அப்பா விட்டுப்போன கடைசிக் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, முன்னால் கொஞ்சம் இழுத்துக் கட்டி ஒரு அறை சேர்த்துக்கொண்டேன். அடுத்த காம்பரா சித்தப்பாவுடையது. லயத்துக்குக் கரண்ட் வந்தபோது அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரே மீட்டர் எடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் கரண்ட்தான் சுவரைத் துளைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கும் போகிறது.

சித்தப்பா முப்பது வருடத்துக்கு மேல் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், சல்லடைப் பக்கம் வேலை செய்தவர். அந்தத் தூசியெல்லாம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சித்தி இறந்த பிறகு தனி ஆள். ஒரே மகள், என் தங்கச்சி, கல்யாணமாகி மொனராகலையில் இருக்கிறாள். மூன்று வேளையும் என் மனைவிதான் சோறு கொண்டுபோய்க் கொடுப்பாள். எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து சித்தப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்டரு என்பார். லயத்தில் மற்றவர்கள் அப்படிக் கூப்பிடுவது மரியாதை. அவர் கூப்பிடும்போது அதில் ஒரு கொண்டாட்டம் இருக்கும்.

இனி என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்டாரவளையில் ஒரு பழைய சாமான் கடையில் ஜப்பான் ஆம்ப் ஒன்றையும் இடுப்பளவு உயரமான ஸ்பீக்கர் இரண்டையும் பிடித்தேன். முன்னறையில் நாற்காலி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றச் சாமான்களையெல்லாம் வெளியே தள்ளினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து குளித்துவிட்டு, அந்தி ஆறு மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஏழு வரைக்கும் யாரும் கூப்பிடக் கூடாது. லயத்துக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சக வாத்தியார் ஒருவர் கேட்டார். பங்களாக்காரன் கேட்டால் ரசனை, நான் கேட்டால் ஆட்டமா என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

அதுவரை பாட்டெல்லாம் போனிலிருந்துதான். போனிலிருந்து வருவது பாட்டே இல்லை, அதன் எலும்புக்கூடு என்று முகநூலில் என்னைப் போன்ற பைத்தியங்கள் கூடும் குழுவில் சொன்னார்கள். அங்கே கொழும்புக்காரர் ஒருவர் இருந்தார். இணையத்திலிருந்து பாட்டை இழுத்து ஆம்புக்குக் கொடுக்கும் ஸ்ட்ரீமர் என்ற சின்னப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் மலிவான உறுப்புகளை எடுத்துவிட்டு நல்லவற்றைப் பொருத்தி விற்பார். அதற்குக் கரண்ட் கொடுக்க, கருங்கல் கனத்தில் தனியாக ஒரு பெட்டியும் தன் கையாலேயே செய்து தருவார். ஒரு வருடம் ஆசைப்பட்டு, கடைசியில் வாங்கினேன்.

பார்சல் பதுளைக்கு பஸ்ஸில் வந்தது. அன்று அந்தியில் ஒரு புல்லாங்குழல் கச்சேரியைப் போட்டேன். அடுத்த சுரத்துக்கு முன்னால் வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. மனைவியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, "அந்த மூச்சக் கேளு" என்றேன். ஈரக் கையோடு நின்று கேட்டாள். "ஆமா, இழுக்குறாரு" என்றுவிட்டுப் போய்விட்டாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மூச்சுக்குப் பின்னால் வேறொன்றும் கேட்டது. மெல்லிய ஒரு இரைச்சல், தூரத்தில் வண்டு பறக்கிற மாதிரி. பாட்டு உரக்கப் போகும்போது தெரியாது. பாட்டு அடங்கும் இடத்தில் வந்துவிடும். நான்கு நாளில் பாட்டை விட்டுவிட்டு இரைச்சலைக் கேட்கத் தொடங்கினேன்.

கொழும்புக்காரருக்கு போன் பண்ணினேன். "சேர், நல்ல சாமான் கரண்ட்ல உள்ள அழுக்கையெல்லாம் காட்டிக் குடுத்துரும். ஒங்க லைன்ல மோட்டர் ஏதாவது ஓடுதா?" என்று கேட்டார்.

ஓடியது. ஸ்ட்ரீமர் வருவதற்கு ஒரு வாரம் முன்புதான் சித்தப்பாவுக்கு மூச்சுக்கு உதவும் ஒட்சிசன் மெசின் வந்திருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் அவருடைய நெஞ்சைப் பார்த்துவிட்டு, தருமத்துக்கு இரவல் கொடுக்கும் ஓர் இடத்துக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நான்தான் வேன் பிடித்துப் போய் எடுத்து வந்தேன். அவர் வீட்டு அடுப்படியில் வைத்து, நீளக் குழாய் பூட்டி, முன்னால் கட்டிலில் கிடப்பவரின் மூக்குக்குக் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். அது ஓடும் சத்தம் என் முன்னறைக்குக் கேட்காது. கரண்ட் வயர் வழியாகத்தான் வருகிறது என்று முடிவு கட்டினேன்.

ஒரு சோதனை செய்திருக்கலாம். மெசினை இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே நான் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், சந்தேகமான காரணியை நீக்கிப் பார் என்று. என் காதுக்காக ஒரு மனிதனுடைய மூச்சை நிறுத்தச் சொல்வதா என்று விட்டுவிட்டேன். அதை என் நல்ல குணம் என்று நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஒரு காலையில் அவர் வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தபோது, "ஒங்க மெசின் ஓடுறப்ப என் பெட்டியில ஒரு எரைச்சல் வருது சித்தப்பா. ஒரே லைன் பாருங்க" என்றேன். சும்மா தகவல் போலச் சொன்னேன்.

"அப்படியா மாஸ்டரு" என்றார்.

பிறகும் இரைச்சல் வந்தது. ஐப்பசி மழை தொடங்கியது. கிளினிக்கில் டாக்டர், குளிரும் ஈரமும் இந்த நெஞ்சுக்குக் கூடாது என்றார். நெஞ்சு நோயோடு வருகிற எல்லோருக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தங்கச்சிக்கு போன் பண்ணி, இந்தப் பனியில் அவரை வைத்திருப்பது ஆபத்து, மொனராகலைச் சூடு நல்லது என்றேன். அவள் அழுதாள். அப்பாவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது. எல்லோருக்கும் நல்லதாக ஒன்றைச் செய்கிறோம் என்ற நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மனைவி மட்டும் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள். "சின்ன மாமா நெஞ்சுக்காகத்தான் அனுப்புறீங்களா, இல்ல ஒங்க பெட்டிக்காகவா?"

"பைத்தியமா ஒனக்கு" என்றேன்.

சித்தப்பாவுக்குப் போக விருப்பமில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற தலைமுறை. கிளம்பும் காலையில் வேனுக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போறதப் பத்தி ஒன்னுமில்ல மாஸ்டரு. அங்க ஏதாவது ஒன்னு ஆயிருச்சின்னா இங்க கொண்டாந்துருங்க. நாலாம் நம்பர் மலையில ஒங்க சித்தி பக்கத்துல எடம் விட்டு வச்சிருக்கேன்."

"என்ன பேச்சு இது. பனி கொறஞ்சதும் நானே வந்து கூட்டியாறேன்" என்றேன்.

மெசினையும் அவரையும் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுநாள் பிற்பகல்தான் வீடு திரும்பினேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து புல்லாங்குழலைப் போட்டேன். வாசிப்பவர் மூச்சை இழுத்தார். பின்னால் இரைச்சல் இருந்தது. எள்ளளவும் குறையாமல் அப்படியே இருந்தது.

கொழும்புக்காரர் செய்த கனத்த பெட்டியை அதுவரை நான் திறந்ததில்லை. மூடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார், அது கிழிந்தால் தான் பொறுப்பில்லை என்று. அன்று கிழித்தேன். உள்ளே எர்த் வயரைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்து ஆடியது. பஸ்ஸில் குலுங்கி வந்ததில் தளர்ந்திருக்கும். ஸ்குரூ டிரைவரால் மூன்று சுற்றுச் சுற்றினேன். இரைச்சல் நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்த மனைவி மூடி திறந்து கிடப்பதைக் கண்டாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த நாளே வேனைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. தங்கச்சிக்கு என்ன காரணம் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. டாக்டர் சொன்னதும் பொய்யில்லையே, குளிரும் இருக்கத்தானே செய்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் போன பிறகு பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. தினமும் அந்தியில் நாற்காலியில் உட்கார்ந்தேன். சந்தோசமாகத்தான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா போன் பண்ணுவார். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவார். லயத்தில் ஒவ்வொரு வீட்டையும் விசாரிப்பார். கடைசியில் ஒரே கேள்விதான்.

"பனி கொறஞ்சிருச்சா மாஸ்டரு?"

"இன்னும் இல்ல சித்தப்பா. காலையில எதிர்ல ஆள் தெரியல."

கார்த்திகை முழுக்க அப்படிச் சொன்னேன். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைப்பொங்கலுக்கு வந்து நம்ம வாசலில் பொங்கல் வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். அன்று இங்கே நல்ல வெயில். மனைவி முற்றத்தில் துணி காயப்போட்டிருந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடிதான் சொன்னேன், "பொங்கல் கழியட்டும், பார்ப்போம்" என்று. சரிப்பா என்றார். அன்றுதான் முதல் தடவையாக மாஸ்டரு என்று சொல்லவில்லை.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. விடாமல் அடித்ததில் மொனராகலைக்குப் போகும் பசறைப் பாதையில் மண் சரிந்தது. மறுநாள் எல்ல ஊர்ப் பக்கத்துச் சுற்றுப்பாதையும் அடைபட்டது. அந்த இரண்டு நாளுக்குள்தான் சித்தப்பா இறந்தார். தங்கச்சி போனில் கத்தி அழுதாள். "அம்மா பக்கத்துல வைக்கணும்னாரேண்ணே, எந்தப் பாதையால கொண்டாறது?" நான் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணினேன். வேன்காரர் ஒருவரும் வர ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே வெக்கையில் எவ்வளவு நேரம் உடம்பை வைத்திருப்பது? அந்த ஊர் மயானத்திலேயே புதைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பாதை திறந்தது. நானும் மனைவியும் பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும்போது புதைத்த இடத்தில் பால் தெளிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. பெயர் தெரியாத ஆட்களுக்கு நடுவே செம்மண் குவியல் ஒன்று. அதன் மேல் பாலை ஊற்றினேன். ஊற்றிய பால் உடனே உள்ளே போய்விட்டது. அவர் கேட்டது ஒரே ஒரு இடம். அதையும் நான் இல்லாமல் செய்தேன். அழுகை வந்தது. அழ எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு, தங்கச்சி ஒட்சிசன் மெசினைத் துடைத்து, குழாயைச் சுற்றிக் கட்டி, என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். இரவல் வாங்கிய இடத்தில் நான்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"அப்பா இருந்த வரைக்கும் ஒங்களப் பத்தித்தாண்ணே பேச்சு. என் நெஞ்சுக்காகத்தான் மாஸ்டரு என்னைய இங்க அனுப்பி வச்சாருன்னு வாறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு."

நான் குனிந்து குழாயின் கட்டை இறுக்கினேன்.

"ஒரு விசயத்துல மட்டும் சொல் பேச்சுக் கேக்கல. அந்தி ஆறு மணியானா எழும்பிப் போயி இதை நிப்பாட்டிருவாரு. நான் ஓடிப்போயி திரும்பப் போடுவேன். ஏம்ப்பா இப்படிப் பண்ணுறீங்கன்னா, மாஸ்டரு பாட்டு கேக்குற நேரம்ங்குறாரு. இது அங்க இல்லப்பா, மொனராகலைன்னு சொன்னாலும் வெளங்காது. அங்க இருந்தப்ப தினமும் அப்படித்தானாமே. நீங்க எரைச்சல் வருதுன்னு சொன்ன நாள்லேர்ந்து, ஆறு மணிக்கு நிப்பாட்டிட்டு, ஏழு மணிக்கு பாட்டு நிக்கிற வரைக்கும் செவுத்துல சாஞ்சி மூச்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாராம்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் செய்யாமல் விட்ட சோதனையை அவர் தினமும் அந்தியில் செய்திருக்கிறார். மெசின் நின்றிருந்த அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இரைச்சல் இன்னும் வருகிறதே என்று அவரைத்தான் நொந்துகொண்டிருந்தேன்.

தங்கச்சி வயரைச் சுருட்டி மெசினுக்கு மேல் வைத்தாள்.

"இப்ப அந்த எரைச்சல் போயிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"போயிருச்சும்மா" என்றேன்.