பம்பரில் நிற்காத பெட்டி

நான்காவது முயற்சியில் கார் ஓட்டும் தேர்வில் தேறினேன். லைசென்ஸ் கைக்கு வந்தது, சாவி வரவில்லை. என் வீட்டுக்காரர் சிலுவைராஜ் ஒரே போடாகப் போட்டார்.

"ரிவர்ஸ் எடுக்குறப்போ நீ பின்னாடி பாக்குறதே இல்ல, ஜோதி. நான் ஒண்ணு செஞ்சு மாட்டுறேன். அது வேலை செய்யட்டும், அப்புறம் சாவி."

இது எண்பத்தாறில். சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில் இருந்தோம். அவருக்கு ரேடியோ தொழிற்சாலையில் வேலை. ஊறுகாய் பாட்டிலில் எழுதியிருப்பதைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் திறப்பார். அப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் செய்தது ஒரு சின்னப் பெட்டி. பின்பக்க பம்பரில் ஒட்ட வேண்டும். அதிலிருந்து நீளும் கம்பி சுவரில் பட்டால் வண்டிக்குள் பஸ்ஸர் அலறும். பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது, பம்பரில்தான் நிற்கவில்லை. ஓட்டை போட்டுத் திருகாணி அடிக்க அவருக்கு மனசு வரவில்லை. பசை போட்டு ஒட்டினார், மறுநாளே விழுந்தது.

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் நாகூர் கனியின் சாமான் கடைக்குப் போனோம்.

"வெறும் பசை எப்படி நிக்கும்ணே? முதல்ல பிரைமர் தடவணும், அப்பத்தான் பசை பிடிக்கும். இரும்புக்கு ஒண்ணு, பிளாஸ்டிக்குக்கு ஒண்ணு. உங்க பம்பர் எது?"

இவர் சட்டைப்பையிலிருந்து என் ஃப்ரிட்ஜ் கதவின் காந்தத்தை எடுத்துக் காட்டினார். "வச்சுப் பாத்துட்டேன் பாய், ஒட்டல. பிளாஸ்டிக்தான்."

பிளாஸ்டிக்குக்கே இரண்டு வகை இருந்தது. ஒன்று சீக்கிரம் காயும், மற்றது மெதுவாகக் காய்ந்து கெட்டியாகப் பிடிக்கும். இரண்டையும் திருப்பித் திருப்பிப் படித்தார். அந்த நேரத்தில் நான் ஒரு சேலையே எடுத்திருப்பேன். கடைசியில் மெதுவாகக் காய்வதை வாங்கினார்.

"ஸ்பிரிட்டால துடைச்சிட்டுத் தடவுங்க. கால் மணி நேரம் விரல் படக் கூடாது. அவ்வளவுதான்லா," என்றார் நாகூர் கனி.

சனிக்கிழமை ஒட்டினார். ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் பெட்டி ஒயரில் தொங்கியது. பிரைமர் சரியில்லை என்று மற்றதையும் வாங்கி வந்தார். அதுவும் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவி தர மனசில்லன்னா நேரா சொல்லுங்க! எதுக்கு இந்தக் கூத்து?"

 அடுத்த முறை கார்பார்க்கில் நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். ஸ்பிரிட்டால் துடைத்தார், பிரைமர் தடவினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் காத்திருந்தார். எல்லாம் நாகூர் கனி சொன்னபடியே. பிறகு சட்டைப்பையிலிருந்து வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். கட்டைவிரலில் தொட்டு, காய்ந்த பிரைமரின் மேலேயே ஒரு சிலுவை போட்டார்.

"ஐயோ மாதாவே! ஒவ்வொரு தடவையும் இதத்தான் செஞ்சீங்களா? எண்ணெய் மேல எந்தப் பசைங்க ஒட்டும்?"

மனிதர் திருதிருவென்று விழித்தார். "புதுசா எது மாட்டினாலும் போடுறதுதானே… அதுவும் நீ ஓட்டப்போற வண்டி." குரல் இறங்கிவிட்டது. "சாவி தர மனசில்லாம இல்ல, ஜோதி. பயமா இருக்கு."

இருபது வருஷத்தில் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. எண்ணெயைத் துடைத்து மறுபடி பிரைமர் தடவினேன். அது காயும்வரை அவர் கையை நான் விடவே இல்லை. பெட்டியை இருவருமாக ஒட்டினோம்.

மறுநாளும் பெட்டி நின்றது. நான் அந்த எண்ணெய்ப் புட்டியை அவரிடம் நீட்டி, நெற்றியைக் காட்டினேன்.

"வண்டிக்கு வேணாம். எனக்குப் போடுங்க."

போட்டார்.  பிறகு சாவியை அவரே என் கையில் வைத்தார்.