பட்டுப்போகாத கன்றுகள்

ஆண் வெளிமான் ஒன்று ஓட்டத்தின் நடுவே ஆள் உயரத்துக்குத் துள்ளியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முறுக்கிய கொம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு. அடையாறு பக்கம், நாலு புறமும் பஸ் ஓடும் சாலைகளுக்கு நடுவே வேலி போட்ட காடு அது. அங்கே வனத்துறை ரேஞ்சராக வந்த அம்மாதான் எனக்கு அதைக் காட்டினார். "இது மரத்துக்குள்ள ஒளியற மான் இல்லண்ணே. தூரத்துல நாய் வந்தா கண்ணுக்குத் தெரியணும், ஓட இடம் வேணும், மேயப் புல்லு வேணும். இந்த வெளி மூடிச்சுன்னா இதுங்க கதை முடிஞ்சுது" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ராயப்பேட்டையில் மண் சுமந்து, பிறகு சொந்தமாக ஜே.சி.பி. வாங்கியவன். என் கை பட்டு ஒரு வேலை கெட்டது என்று இந்த ஊரில் எவனும் சொல்ல முடியாது. அந்த வெளியை அடைத்துக்கொண்டிருந்த முள்மரங்களை ஒரே கோடையில் வேரோடு எடுத்தவன் நான்தான். மழைக்குப் பிறகு புல் வந்தது. புல்லைத் தேடி மான்கள் வந்தன, குட்டிகளோடு.

அடுத்த வருஷமே மேலிடத்து உத்தரவு. இடம் சும்மா கிடக்கிறதாம், பெரிய மனிதர்கள் வந்து மரம் நடுவார்களாம். அம்மா எழுதிப் பார்த்தார், நேரில் போயும் பார்த்தார். மரம் வேண்டாம் என்கிற ரேஞ்சரா என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். குழி தோண்டி நடும் வேலை எனக்கே வந்தது. விழாவுக்கு முன்னால் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, இந்த வேலையைக் கொஞ்சம் மோசமா செய்யுங்க."

"இன்னா மேடம், என்னாண்ட வந்து இத்த கேக்குறீங்க? நம்ம கை வெச்சா கட்டாந்தரையே பூக்கும்."

"அதாண்ணே பயமா இருக்கு."

அவருக்காகக் கெடுத்தேன். குழியைப் பாதியில் நிறுத்தினேன், எரு போடவில்லை, தண்ணீர் லாரியை அனுப்பவில்லை. சித்திரை வெயிலில் கன்றுகள் தலை தொங்கின. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அம்மாவோ நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அதைக் காலை நடைக்கு வருகிறவர்களும் பார்த்தார்கள். மயிலாப்பூர் மாமி ஒருவர் தினமும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். "காண்ட்ராக்டர் காசை வாங்கிண்டு போயிட்டான் போலிருக்கு. பச்சைக் குழந்தையாட்டம் வாடிண்டு நிக்கறதே" என்று என் காது படவே சொன்னார். சீக்கிரமே அவர் பின்னால் ஒரு கூட்டம் பாட்டிலும் கையுமாக வந்தது.

அம்மா கும்பிட்டுச் சொன்னார்: "மாமி, இது மானுக்கு வேண்டிய வெளி."

"மானுக்கும் நிழல் வேண்டாமாம்மா?" மாமி அன்பாகத்தான் கேட்டார். அப்படிக் கேட்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அம்மா போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு கன்றும் பட்டுப்போகவில்லை. அம்மாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

பல வருஷம் கழித்துப் போன மாதம் அங்கே போனேன். வேம்பும் புங்கமும் தலைக்கு மேல் கூடிவிட்டன. கீழே புல் இல்லை, சருகுதான். வேலியோரம் இரண்டு புள்ளிமான்கள் யாரோ வீசிய பிஸ்கட்டுக்கு நின்றன. வெளிமான் ஒன்றையும் காணோம். காவலாளியைக் கேட்டேன், அவர் வேலைக்கு வந்ததிலிருந்தே பார்த்ததில்லையாம்.

நடந்துகொண்டிருந்த ஒருவர் என் அருகே நின்று வியர்வை துடைத்தார். "இன்னா நிழலு சார்! யார் வெச்சதோ, நல்லா இருக்கணும்."

டீக்கடையில் முன்பின் தெரியாதவனிடம்கூட என் கைவேலையை அளந்துவிடுகிறவன் நான். "தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு வெயிலுக்கு வந்தேன்.