பதினேழாம் நம்பர் மெஷினும் மஞ்சத்தலைப் பாடகியும்

அச்சுப் போட்ட பனியன் துணியின் மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் ஒரு வாடை வரும். பாதி எரிந்த ரப்பர் வாடை. நேற்றுக் காலை என் மகளின் டி-ஷர்ட்டைத் தேய்க்கும்போது வந்தது. அச்சுத் துணியை உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தேய்க்க வேண்டும் என்பது, கார்மென்ட்ஸில் ஆறு வருஷம் குப்பை கொட்டிய எனக்குத் தெரியாதா? தெரியும். கவனம் அங்கே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் மகள் கல்லூரிக்கு ஒரு கட்டுரை அடித்துக்கொண்டே என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒரு பாப் சூப்பர்ஸ்டார புரட்சிக் கலைஞர்னு சொல்லலாமா? நீ என்ன நினைக்கிற?”

டி-ஷர்ட்டில் இருந்ததும் அதே சூப்பர்ஸ்டார்தான். வெளிநாட்டுப் பாடகி. பெயரைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் வேலைக்குப் போன காலத்திலேயே பெரிய ஆள். இன்றைக்கும் கொடி கட்டிப் பறக்கிறார். நான் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அவருடைய கன்னத்தில் ஒரு துண்டு பெட்டியோடு வந்துவிட்டிருந்தது.

“எனக்கு இன்னா தெரியும்?” என்றேன்.

“ஆமா, உன்னைப் போய்க் கேட்டேன் பாரு. நீயெல்லாம் பாப் கேட்டதே இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாளின் ஒரு பாட்டை நான் கேட்ட அளவுக்கு இந்த ஸ்ரீராம்புரத்தில் எவளும் கேட்டிருக்க மாட்டாள். தினம் ஐந்து தடவை, ஞாயிறு தவிர. அவருடைய சொந்த அம்மாகூட அத்தனை தடவை கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெங்களூரிலேயே நீலசந்திராவில் இருந்தோம். காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். பேக்டரி இருந்த பொம்மசந்திரா போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேனில் என் பக்கத்து சீட் ஸ்டெல்லாவுக்கு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என்னைவிட நாலு வயது பெரியவள், சர்ச்சில் பாடுகிறவள், வாயைத் திறந்தால் வேன் முழுக்கச் சிரிக்கும். ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்குவதை அதற்குரிய வாடகை என்பாள். அவள் தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய்க் கறை என் வலது தோளில் எல்லாச் சுடிதாரிலும் உண்டு.

பேக்டரியில் அவள் டெய்லர். பதினேழாம் நம்பர் மெஷின், காலர் வைக்கிற வேலை. நான் ரைட்டர். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது மெஷின் வரிசையாகப் போட்ட லைனின் கடைசியில் ஒரு கறுப்புப் பலகை இருக்கும். மணிக்கு எத்தனை பீஸ் வந்தது என்று அதில் சாக்பீஸால் எழுதுகிறவளுக்கு அங்கே ரைட்டர் என்று பெயர். பத்தாவது பாஸ் செய்த திமிரில் நான் அந்த வேலையைப் பெரிய உத்தியோகமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் உட்கார்ந்து குனிந்திருக்க, நான் மட்டும் நின்றுகொண்டு எல்லாரையும் பார்க்கலாம். அதில் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கண்ணைச் சொக்கும். அதற்காகவே மூன்று மணிக்கு ஸ்பீக்கரில் பாட்டு போடுவார்கள். கன்னடப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, கடைசியில் இந்த இங்கிலீஷ் பாட்டு. தங்க நிறத் தலைமுடிக்காக நாங்கள் அவருக்கு மஞ்சத்தலை என்று பெயர் வைத்திருந்தோம். பாட்டின் பொருள் எங்கள் யாருக்கும் தெரியாது. பெண்களை எழுந்து நிற்கச் சொல்கிற பாட்டாம், என் மகள் இப்போது சொல்கிறாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நடுவில் வரும் நாலு தட்டுதான். டக், டக், டக், டக். அந்த இடம் வந்ததும் நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் நாற்பது பேரும் மெஷின் பலகையில் தட்டுவார்கள். தட்டின வேகத்தில் அடுத்த பீஸை இழுத்துத் தைப்பார்கள். பாட்டின் தாளமும் மெஷினின் ஓட்டமும் அப்படி ஒத்துப்போயின.

இந்த இடத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

பலகையில் தினமும் எழுதுகிறவள் இல்லையா, மற்ற மணிகளைவிட அந்தப் பாட்டு வரும் மணியில் பீஸ் அதிகம் என்பது என் கண்ணில்தான் முதலில் பட்டது. கண்டுபிடித்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கலாம். சூப்பர்வைசரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நல்ல பெயர் வாங்க ஆசை, வேறு என்ன? அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “பரவாயில்ல, தலெ இதெ நினகெ” என்றார். உனக்கு மூளை இருக்கிறது என்று அர்த்தம். நான் அன்று முழுக்கத் தரையில் கால் படாமல் நடந்தேன்.

மறுநாளிலிருந்து அந்தப் பாட்டு ஐந்து தடவை. ஒரு வாரத்தில் எங்கள் லைனின் டார்கெட் ஏறியது. பாட்டு இல்லாத மணியிலும் அதே எண்ணிக்கை வர வேண்டும் என்றார்கள். யாரால் இப்படி ஆனது என்று லைனில் யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லாவுக்கும் நான் சொல்லவில்லை. வேனில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, “எவ அந்தப் பாட்ட அவனுங்களுக்குப் புடிக்க வச்சாளோ, அவ கையில கட்டி வர” என்று முனகுவாள். நான் ஜன்னல் வழியாக ஹோசூர் ரோட்டை ரசிப்பேன்.

டாய்லெட் டோக்கனைப் பற்றிச் சொல்லவில்லையே. நாற்பது பேருக்கு ஒரே ஒரு டோக்கன். சிவப்பு பிளாஸ்டிக் வட்டம், அதில் ஒரு கயிறு. கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். போனவள் வந்து கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். டார்கெட் ஏறின பிறகு டோக்கன் சூப்பர்வைசரின் மேஜைக்குப் போய்விட்டது. கேட்டால் “இன்னொந்து பண்டல் முகிசி ஹோகு” என்பார், இன்னொரு கட்டு முடித்துவிட்டுப் போ என்று.

பதினெட்டாம் நம்பரில் யசோதா. மத்தூர்ப் பக்கத்துக் கன்னடப் பெண், ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். ஒரு நாள் பிற்பகல் மூன்று தடவை டோக்கன் கேட்டாள், மூன்று தடவையும் அதே பண்டல் பதில்தான் வந்தது. நாலாவது தடவை அவள் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஆகிவிட்டது. அவள் எழுந்திருக்காமல் தைத்துக்கொண்டே அழுதாள். ஸ்டெல்லா தன் துப்பட்டாவை எடுத்து யசோதாவின் ஸ்டூலுக்குக் கீழே போட்டுக் காலால் துடைத்தாள். ஸ்பீக்கரில் மஞ்சத்தலை பாடிக்கொண்டிருந்தார். நாற்பது கத்தரியும் தட்டின. நான் பலகையில் எண்ணை எழுதினேன். அந்த மணியில் டார்கெட் வந்திருந்தது.

மறுநாள் வேனில் ஸ்டெல்லா தூங்கவில்லை. எழுந்து நின்று எல்லாருக்கும் சொன்னாள். “அந்தப் பாட்டு போட்டா, நாலு தட்டு தட்டிட்டுக் கையை எடுத்துடணும். பாட்டு முடியறவரைக்கும் யாரும் துணியத் தொடக் கூடாது. இன்னொரு டோக்கன் குடுக்கறவரைக்கும் இப்படித்தான்.”

“முடிஞ்ச பின்ன?” என்றாள் ஒருத்தி பயந்துபோய்.

“முடிஞ்சா தைக்கணும். நாம என்ன ஸ்ட்ரைக்கா பண்றோம்? பாட்டு கேக்கறோம்.”

அன்று காலைப் பத்து மணிக்கு முதல் தடவை பாட்டு வந்தது. பதினேழில் முதலில் கை நின்றது. பிறகு பதினெட்டு. பிறகு லைன் முழுக்க. சூப்பர்வைசர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தார். அது எரிந்துகொண்டிருந்தது. “யாக்கெ நில்சித்ரி?” என்று கத்தினார். ஏன் நிறுத்தினீர்கள்? நாலைந்து குரல் சேர்ந்தாற்போல, “ஹாடு கேள்தா இத்தீவி சார்” என்றன. பாட்டு கேட்கிறோம் சார்.

உண்மையாகவே கேட்டோம். அத்தனை மாதம் கேட்ட பாட்டில் பின்னால் ஒரு புல்லாங்குழல் ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மெஷின் சத்தத்தில் அது ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை. நாற்பது பெண்கள் மடியில் கை வைத்துக்கொண்டு அந்தக் குழலைக் கேட்டார்கள். யசோதா கண்ணை மூடியிருந்தாள்.

பாட்டைப் போடாமல் விட்டிருக்கலாம் அல்லவா? விட முடியவில்லை. டார்கெட்டே அந்தப் பாட்டின் மேல்தான் நின்றது. மத்தியானமும் போட்டார்கள், மூன்று மணிக்கும் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கை நின்றது. இரண்டாம் நாள் புரொடக்‌ஷன் மேனேஜர் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார். தமிழ்க்காரர், தன்மையாகப் பேசுகிறவர். கேபினுக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே இருந்தால் லைன் முழுக்கத் தெரியும்.

“யாரும்மா ஆரம்பிச்சது?”

“பாட்டுதான் சார்,” என்றேன். எல்லாரும் அப்படிச் சொல்வதாகத்தான் பேச்சு.

அவர் சிரித்தார். “பாட்டுக்கு ஏதும்மா கை? எந்த மெஷின் மொதல்ல நின்னுச்சு? நீதான் நின்னு பாத்துக்கினே இருக்கறவ.”

“தெரியாது சார்.”

வாய் அதைத்தான் சொன்னது. கண் கண்ணாடி வழியாகப் பதினேழுக்குப் போய்விட்டது. அங்கே ஸ்டெல்லா நிமிர்ந்து நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் திரும்பி, நான் பார்த்த இடத்தைப் பார்த்தார்.

“சரி, போ,” என்றார்.

சனிக்கிழமை ஸ்டெல்லாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஊரின் மறு கோடியில், பீன்யாவில் இருந்த யூனிட். நீலசந்திராவிலிருந்து அந்தப் பக்கம் வேன் கிடையாது. வேலையை விட்டு நீக்கினால்தானே தகராறு? அவளால் போக முடியாத இடத்துக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. திங்கட்கிழமை எங்கள் லைனில் ஒரு ஆணியில் இரண்டாவது சிவப்பு டோக்கன் தொங்கியது. யசோதா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் எழுந்து போனாள். பதினேழில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை வேனில் ஸ்டெல்லா எனக்கு வழக்கம்போல ஜன்னலோரம் விட்டாள். தோளில் சாயவில்லை. ஆனேபாளையா தாண்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நீ ஏன்டி என்னைப் பாத்த?”

“சும்மா பாத்தேன்,” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று சர்ச்சில்கூடத் தெரியவில்லை.

நேற்று இதையெல்லாம் என் மகளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், கண்ணாடிக் கேபினுக்குள் நடந்ததை விட்டுவிட்டு. பலகையில் நான் கண்டுபிடித்ததையும் விட்டுவிட்டு. அவள் கண் விரியக் கேட்டாள். எனக்குக்கூட ஒரு நப்பாசை, இருபது வருஷத்துக்கும் மேல் ஆகி யாராவது ஸ்டெல்லாவின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதப்போகிறார்களே என்று.

“சூப்பர் மா! இது போதும் எனக்கு. அவங்க பாட்டு பெங்களூர்ல ஒரு பேக்டரியவே நிறுத்தியிருக்கு. அப்போ ரெவல்யூஷனரி ஆர்ட்டிஸ்ட்தானே?”

“பாட்டு நிறுத்தல. அதே பாட்டுதான் டார்கெட்ட ஏத்துச்சு. நிறுத்தினது ஸ்டெல்லா. அவ பேரப் போடு.”

“ஸ்டெல்லா யாருன்னே யாருக்கும் தெரியாதே மா. அவங்களப் பத்தி எங்கனா எழுதியிருக்காங்களா? ரெஃபரன்ஸ் கேப்பாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இஸ்திரிப் பெட்டியை நங்கென்று வைத்தேன். அவளைக் கோபித்து என்ன பயன்? எழுதுகிற வேலையில் இருந்தவள் நான். தினமும் சாக்பீஸ் பிடித்த கை. எழுத வேண்டியதை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினேன். அந்தப் பாடகி ஒரு குற்றமும் செய்யவில்லை, தூக்கிவைக்கும்படி எங்களுக்கு எதுவும் செய்யவும் இல்லை. பாடினார். முதலாளிக்கும் அதே பாட்டு, ஸ்டெல்லாவுக்கும் அதே பாட்டு. புரட்சி என்று ஒன்று இருந்தால், அது நாலு தட்டுக்குப் பிறகு கையை எடுத்தவளிடம் இருந்தது. அதற்கான விலையையும் அவளே கொடுத்தாள். பட்டம் மட்டும் டி-ஷர்ட்டில் இருக்கிறவருக்கு.

மனசு ஆறவில்லை. இன்று காலை ஒரு வேலையும் இல்லாமல் மெட்ரோ ஏறினேன். ஸ்ரீராம்புரத்தில் ஏறி, நடுவில் ஒரு தடவை மாறினால் இப்போது பொம்மசந்திரா வரை போய்விடலாம். எங்கள் பேக்டரி இருந்த இடத்தில், ஆன்லைனில் வாங்கும் சாமான்களை அடுக்கிவைக்கும் கிடங்கு. கேட் வேறு, பெயர் வேறு, வாட்ச்மேனுக்கு அங்கே முன்பு என்ன இருந்தது என்று தெரியவில்லை. அந்த வேன்கள் இல்லை. கறுப்புப் பலகை இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர் என்கிறார்கள். டோக்கன் மட்டும் வேறு எங்காவது இருக்கும்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் ஒரு பெண் போனில் சத்தமாகப் பாட்டு போட்டாள். அதே பாட்டு. நடுவில் நாலு தட்டு வந்தது. என் விரல் தானாகக் கம்பியில் தட்டியது, டக், டக், டக், டக். பெட்டி நிறைய ஆட்கள், யார் கையும் நிற்கவில்லை. எல்லாரும் அவரவர் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷம், நான் நிமிர்ந்து பதினேழாம் நம்பரைத் தேடினேன். இந்தத் தடவை நான் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. பார்க்கத்தான் அவள் இல்லை.