பண்ணை வீட்டில் கிடந்த கார்டு

போன வாரம் தஞ்சாவூர் புறவழிச்சாலையில் டீ குடிக்க நின்றேன். பக்கத்தில் பதினாறு சக்கர லாரி ஒன்று மழையில் நனைந்து வந்து நின்றிருந்தது. அதன் பின்கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ‘லைன் வண்டிக்கு டிரைவர் தேவை. உடனே வேலை. போன் செய்யவும்.’ அவ்வளவுதான். டீக்கடைக்காரரிடம், “போன் பண்ணினாலே வேலை குடுத்துடுவாங்களா?” என்று கேட்டேன்.

“ஆளே கிடைக்கலைங்க பெரியவரே. நீங்க வர்றேன்னாக்கூடச் சாவியக் கையில குடுத்துடுவான்.”

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பிறகு அந்த மனிதர் தப்பாக நினைத்திருப்பாரோ என்று சாயங்காலம் வரை கவலைப்பட்டேன். என் சுபாவம் அது. கோபம் வந்த ஐந்தாவது நிமிஷம் கவலை வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

நனைந்த தார்ப்பாய்க்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? மெழுகும் பழைய சாக்கும் கலந்த மாதிரி இருக்கும். அந்த லாரியிலிருந்து அதுதான் வந்தது. எனக்கு இருபத்துநாலு வயதில் தஞ்சாவூரில் ஒரு லாரி ஷெட் வாசலில், வேலை கேட்டு நான் நின்ற அன்றைக்கும் அதே வாசனைதான். அதற்கு முன் இரண்டு வருஷம் ஒரு ரைஸ்மில் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். நெல் மூட்டை, தவிட்டு மூட்டை, மன்னார்குடி, திருவாரூர் என்று சுற்றிச் சுற்றி வருகிற வண்டி. லைன் வண்டி என்பது வேறு. இங்கே ஏற்றிய சரக்கைப் பெங்களூர், பம்பாய் என்று கொண்டுபோய் இறக்கி, அங்கே ஏற்றிக்கொண்டு திரும்புகிற வண்டி. அதை ஓட்டுகிறவர்களுக்கு நடையே தனி. ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் அந்தக் காலத்தில் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

வேலைக்கு ஆள் எடுக்கிறவர் அந்த ஷெட்டின் தலைமை டிரைவர். எல்லோரும் அவரை ராவுத்தர் என்றுதான் கூப்பிட்டார்கள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மலை ஏறியிருக்கியா?”

“இல்லைங்க.”

“மேடாச்சும்?”

“ஆத்துப் பாலம் ஏறியிருக்கேங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “தஞ்சாவூரானுக்கு மலைன்னா பெரியகோயில் கோபுரந்தான்” என்றான் ஒருவன். என்ன செய்வது, எங்கள் ஊர்ப் பூமி அப்படி. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும். அதனால் டெல்டாக்காரன் வேலை கேட்டு வந்தால் ராவுத்தர் தனியாக ஒரு பரீட்சை வைத்திருந்தார். முழு லோடு ஏற்றிய வண்டியை வெண்ணாற்றுப் பாலத்து ஏற்றத்தில் பாதியில் நிறுத்தச் சொல்வார். இறங்கிப்போய் வலது கால் செருப்பைக் கழற்றிப் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் வைப்பார். வண்டி ஒரு சாண் கூடப் பின்னால் உருளாமல் முன்னால் நகர வேண்டும்.

“செருப்பு நசுங்குச்சுன்னா நான் ஒத்தச் செருப்போட ஷெட்டுக்கு நடப்பேன். நீ ஊருக்கு நடப்பே. எடு.”

கை பிரேக் பேருக்குத்தான் இருந்தது. ஒரே வலது காலால் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் மிதித்தாக வேண்டும். குதிகாலைத் திருப்பி வைத்து, கிளட்சை முடி அளவு விட்டேன். வண்டி முன்னால் நகர்ந்தது. ராவுத்தர் குனிந்து செருப்பை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டார். “ம், எழுதிக்கலாம்” என்றார். இன்று வரைக்கும் என்னைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதுதான் முதலாவது.

ஆபீசில் மானேஜர் ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். “அட்ரஸ் தெளிவா எழுது. வண்டி தயாரானதும் கார்டு போடுறோம், வந்து சேந்துக்க.”

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். பெயர், அப்பா பெயர் எழுதி, அதற்குக் கீழே ‘மே/பா’ என்று போட்டு எங்கள் ஊர்ப் பண்ணையாரின் பெயரை எழுதினேன். மேற்பார்வை. யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாங்கள். தபால்காரர் வாய்க்காலைத் தாண்டமாட்டார். பட்டாளத்துக்குப் போன பிள்ளையின் கடிதமானாலும் சம்பந்தி வீட்டுச் சாவுச் சேதியானாலும் பண்ணை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். பண்ணை ஏஜெண்டு படித்துப் பார்த்து, அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கூப்பிட்டுக் கொடுப்பார். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. மேடைக்கு மேடை சமத்துவம் பேசினார்கள், கடைத்தெரு முழுக்கப் புதுக் கொடி பறந்தது. தபால்காரரின் சைக்கிள் மட்டும் வாய்க்கால் மதகுவரை வந்து திரும்பிப் போனது. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் அந்த மே/பாவை என் கையால், எழுத்துப் பிழை இல்லாமல், இரண்டு தடவை சரிபார்த்து எழுதியவன் நான்தான். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது?

அது தை மாதம். சம்பா அறுவடை. எங்கள் தெருவில் செங்கொடிச் சங்கம் அறுத்தடிக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப்படி கூலி கூடுதலாகக் கேட்டது. கொடுக்கும் வரை வயலில் இறங்குவதில்லை என்று கட்டுப்பாடு. சங்கத்தை நடத்தியவர் பக்கிரி மாமா. அவரும் அப்பாவும் சின்ன வயசிலிருந்து ஒரே வரப்பில் வளர்ந்தவர்கள். அப்பா பேச்சாளர் இல்லை. ஆனால் அறுப்பில் அவர்தான் முன்னத்தி ஆள். அவர் வயலில் இறங்கினால் பின்னால் பத்து அரிவாள் இறங்கும். அப்பா சங்கத்தில் சேர்ந்ததற்கு ஓர் அடையாளம்தான் உண்டு. அதுவரை பண்ணைக்காரர்களை ‘ஆண்டே’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், ‘ஐயா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். கேட்க ஒன்றுமில்லாத விஷயம் போலத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை மாற்ற அவருக்கு நாற்பத்தாறு வயது ஆகியிருந்தது.

நான் கார்டுக்காகக் காத்திருந்தேன். ரைஸ்மில் வேலையை வேறு விட்டாயிற்று. நேராக ஷெட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. பள்ளிக்கூடத்தை நான் விட்டதே அப்படித்தான். ஏதோ சர்ட்டிபிகேட் வாங்கி வரும்வரை வகுப்புக்குள் வராதே என்றார் வாத்தியார். கர்ணம் நாளை வா, நாளை வா என்றார். பத்து நாள் நடந்துவிட்டு, காகிதம் இல்லாமல் எந்த முகத்தோடு போவது என்று அப்படியே நின்றுவிட்டேன். காகிதம் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது என்று அப்போதே என் மண்டையில் பதிந்துவிட்டது.

ஒருநாள் டீக்கடையில் தபால்காரர், “என்னப்பா, இன்னும் போகலையா? ஒனக்குத்தான் லாரி கம்பெனி கார்டு வந்து எட்டு நாளாச்சே. பண்ணையில குடுத்தேனே” என்றார்.

எட்டு நாள். ஓடினேன். ஏஜெண்டு களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுக்க ஆளில்லாமல் நெல் சாய்ந்துகொண்டிருந்தது.

“கார்டா? வந்துச்சு, வந்துச்சு. உடனே சேரணும்னு போட்டிருக்கான். பெரிய டிரைவராயிட்டே போ.”

“குடுங்க ஐயா.”

“எங்க வச்சேன்னு தெரியலையே. அறுவடை நேரம், ஆள் பத்தல, எதத் தேடுறது? ஒன்னு பண்ணு. ஒங்கப்பன நாளைக்குக் காலையில அரிவாளோட வரச்சொல்லு. அவன் கையில குடுத்தனுப்புறேன்.”

கார்டு என்பது மூடாத கடிதம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என்னைத் தவிர எல்லோரும் படித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. வழியெல்லாம் சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது என்றுதான் நடந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். கையைக் கழுவிவிட்டுக் கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை எடுத்துக் கட்டைவிரலால் அதன் பல்லைத் தடவிப் பார்த்தார்.

“அப்பா, வேணாம்ப்பா” என்றேன். என் குரலில் எவ்வளவு பலம் இருந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவர் ஊகித்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் மதகைத் தாண்டும்போது தெருவே கரையில் நின்றது. “என்ன தோழரே, அரிவாளு பண்ணைப் பக்கம் திரும்புது?” என்றான் ஒருவன். “அரைப்படி அவருக்கு மட்டும் அளந்துட்டாங்க போல” என்றாள் ஒரு அத்தை. பக்கிரி மாமா எதுவும் கத்தவில்லை. வரப்பில் இறங்கி அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். “ஏண்டா?” என்று மட்டும் கேட்டார். அப்பா ஒதுங்கி, வரப்பிலிருந்து சேற்றில் கால் வைத்து, அவரைச் சுற்றிக்கொண்டு போனார். நான் பத்தடி பின்னால் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயம்.

வயலுக்குப் போனதும் ஏஜெண்டு, “வந்துட்டியா?” என்றார். அப்பா அரிவாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “வந்துட்டேன் ஆண்டே” என்றார்.

மத்தியானத்துக்குள் இன்னும் ஏழு பேர் இறங்கினார்கள். மூன்று நாளில் கட்டுப்பாடு உடைந்தது. அந்த வருஷம் அரைப்படி கிடைக்கவில்லை. சாயங்காலம் அப்பா அந்தக் கார்டை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வேர்வையில் ஒரு மூலை நைந்திருந்தது. ஏஜெண்டு அதைத் தேடவே இல்லையாம், சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனேன். கார்டைக் கையில் பிடித்தபடியே மானேஜர் முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.

“இத்தினி நாள் எங்கய்யா போன? ஒன் வண்டிய வேற ஆள வச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம்.”

“கார்டு… இப்பதாங்க கைக்கு வந்துச்சு.”

“கார்டு என்னய்யா கார்டு! அது சும்மா ஞாபகத்துக்குப் போடுறது. ராவுத்தர் அன்னைக்கே ஒன் பேர ரிஜிஸ்டர்ல ஏத்திட்டாரே. நேரா வந்து நிக்க வேண்டியதுதானே?”

நான் நின்ற நிலையில் அந்தக் கார்டைப் பார்த்தேன். ‘நேரில் வந்து வேலையில் சேரவும்’ என்று டைப் அடித்திருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துகூட இல்லை.

வேலை கிடைத்தது. இருபத்தொன்பது வருஷம் ஓட்டினேன். தொப்பூர் மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி நாறும்போதெல்லாம் நான் பிரேக்கை நினைக்கவில்லை, அந்த மானேஜரின் வாயைத்தான் நினைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. “கார்டப் பாத்துட்டு என்னடா சொன்னாரு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். “பத்திரமா வச்சுக்கச் சொன்னாருப்பா” என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் பக்கிரி மாமாவும் அப்பாவும் பேசிக்கொள்ளவே இல்லை. அடுத்த வருஷம் சங்கம் மறுபடி நின்று அரைப்படியை வாங்கியது. அப்பாவுக்கும் அளந்தார்கள். தலையைக் குனிந்தபடி துண்டில் வாங்கிக்கொண்டார்.

அப்பா போய் நாலைந்து வருஷம் கழித்து, லீவில் வந்திருந்தபோது பக்கிரி மாமாவைப் பார்க்கப் போனேன். கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிடுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். “மாமா, அப்பா அன்னைக்கு வயல்ல எறங்குனது எங் கார்டுக்காக” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்டா” என்றார். “தபால்காரன் அந்த வாரமே சொல்லிட்டான்.”

“அப்புறம் ஏன் மாமா பேசல?”

எழுந்து உட்கார அவருக்குச் சிரமமாக இருந்தது. உட்கார்ந்ததும் குரல் பழையபடி வந்துவிட்டது. “ஏண்டா, அப்பனும் புள்ளையுமா வாய்ல என்ன வச்சிருந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னடா? ‘பக்கிரி, எம்புள்ள கார்ட வச்சுக்கிட்டு ஏஜெண்டு குடுக்க மாட்டேங்கிறான்’னு சொல்லியிருந்தா, தெருவே கெளம்பிப் போயி வாங்கியிருக்க மாட்டோமா? அறுபது பேர் போயி நின்னா குடுக்காமயா இருப்பான்? ஒங்கப்பன் எங்களப் பத்தி அவ்வளவுதான் நெனச்சிருந்தான், பாரு. அதத்தான் என்னால தாங்க முடியல.”

கார்டே தேவைப்படவில்லை என்பதை அவரிடமும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பண்ணை வீட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். லாரி கம்பெனி இருந்த இடம் தெரியவில்லை. அறுப்புக்கு மிஷின் வந்து, படிக்கூலியும் போய்ச் சங்கமும் ஓய்ந்துவிட்டது. வாய்க்காலின் மேல் கான்கிரீட் பாலம் போட்டு, தபால்காரப் பெண் ஸ்கூட்டரில் எங்கள் வாசலுக்கே வருகிறார். எல்லாம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு நான் போட்ட மனு ஓர் ஆபீசில் ஏழு மாதமாகக் கிடக்கிறது. திங்கட்கிழமைதோறும் போகிறேன். எங்கள் தெருக்காரர்கள் நாலு பேரின் மனுவும் அங்கேதான் இருக்கிறதாம். அவரவர் அவரவருக்குத் தோதான நாளில் தனித்தனியாகப் போய் நின்றுவிட்டு வருகிறோம்.